வடசென்னையில் சொந்த வீட்டுக்கு பிளான் அப்ரூவல்: முதலில் மனையை அளந்துவிடுங்கள்

கொருக்குப்பேட்டையில் தாத்தா வாங்கிய மனையில் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு 2023-ல் புதிதாகக் கட்டினோம். அதற்குப் பிறகு மாதவரத்தில் சித்தப்பா வீட்டுக்கும், திருவொற்றியூரில் மச்சான் வீட்டுக்கும் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தேன். மூன்று இடத்திலும் வேலை நின்றது ஆபீஸில் இல்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டது. பத்திரத்தில் இருக்கும் மனை ஒன்று, பட்டாவில் இருக்கும் மனை இன்னொன்று, தரையில் டேப் வைத்தால் வருவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால் அப்ரூவல், அதாவது கட்டட அனுமதி, பாதி கைக்கு வந்த மாதிரி. அதனால் பிளான் எப்படி வரைவது, பீஸ் எவ்வளவு என்பதற்கெல்லாம் முன்னால் மனையைப் பற்றித்தான் நிறையச் சொல்லப் போகிறேன்.

டேப்பைப் பிடியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் நூறடி டேப், சுண்ணாம்புப் பொடி, பத்திர ஜெராக்ஸ், பேனா, கூட ஒரு ஆள், இவ்வளவு போதும். நாலு பக்கமும் அளந்துவிடுங்கள். நாலு பக்கம் அளந்தால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு தடவை அளக்க வேண்டும், அப்போதுதான் மனை நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று தெரியும். வடசென்னையில் பழைய தெருக்களில் நேர் மனை கிடைப்பது அபூர்வம்.

எங்கள் மனை பத்திரப்படி 20 அடிக்கு 45 அடி. முன்பக்கம் அளந்தால் சரியாக 20 இருந்தது. பின்பக்கம் அளந்தால் 19 அடி 4 அங்குலம். அப்பா டேப்பை மறுபடி இழுத்துப் பிடிக்கச் சொன்னார், மறுபடியும் அதேதான். பக்கத்து வீட்டுச் சுவர் பின்னால் போகப் போக எங்கள் பக்கம் சாய்ந்து வந்திருக்கிறது, நாற்பது வருடமாக யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, சண்டைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். "இல்லம்மா, வீடு கட்டப் போறோம், அளவு பார்க்கிறோம்" என்று அப்பா சொல்லி, அவரையும் கீழே வரச் சொல்லி, டேப்பை அவர் கையிலேயே கொடுத்து அளக்க வைத்தார். அதனால்தான் பின்னால் தகராறு வரவில்லை. எட்டு அங்குலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போவதா, இருக்கிற அளவுக்குள் கட்டுவதா என்று யோசித்து இருக்கிற அளவுக்கே பிளான் போட்டோம். பத்திரத்தில் அதிகமாகவும் தரையில் குறைவாகவும் இருந்தால் குறைவான அளவை வைத்துப் பிளான் போடுவதுதான் பாதுகாப்பு. பத்திர அளவுக்குப் பிளான் போட்டுத் தரை அளவுக்குக் கட்டினால், விட வேண்டிய இடம் குறைந்துபோய், கட்டடம் முழுக்க அப்ரூவலுக்கு மாறானதாக ஆகிவிடும்.

சந்தேகம் இருந்தால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி அரசு சர்வேயரை வைத்து அளந்து வாங்குங்கள். நாள் ஆகும், ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது.

பத்திரமும் பட்டாவும்

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனையின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படம். இந்த ஐந்தும் ஒரே பையில் இருக்கட்டும். வில்லங்கச் சான்றை, அதாவது எல்லோரும் ஈ.சி. என்று சொல்வதை, பதிவுத்துறையின் டி.என். ரெஜினெட் தளத்தில் பணம் இல்லாமலே பார்க்கலாம். பட்டாவை வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் எடுக்கலாம். பழைய மாநகராட்சிப் பகுதியில், தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம், நகர நில அளவைப் பதிவேடு, அதாவது டி.எஸ்.எல்.ஆர்., வார்டு எண், பிளாக் எண், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று வரும். பழைய பத்திரத்தில் வெறும் பழைய சர்வே எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் ஒப்பீட்டுச் சான்றைத் தாலுகாவில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஓடினால் விண்ணப்பம் அப்படியே தொங்கும்.

மாதவரம், மணலி, திருவொற்றியூர்க்காரர்களுக்கு இன்னொரு குழப்பம். இந்தப் பகுதிகளெல்லாம் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன, சென்னை மாவட்டத்துக்குள் வந்தது 2018-ல். அதற்கு முன் திருவள்ளூர் மாவட்டம், 1997-க்கு முன் செங்கல்பட்டு. ஆக சித்தப்பாவின் தாய்ப்பத்திரத்தில் செங்கல்பட்டு, கிரயப் பத்திரத்தில் திருவள்ளூர், இப்போதைய பட்டாவில் சென்னை. மூன்றும் சரிதான், ஒன்றும் போலி இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் இப்போதைய பட்டாவில் உள்ள மாவட்டம், வட்டம், கிராமம் பெயரையே போட வேண்டும். பழையதைப் போட்டால் திரும்பி வரும்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை இன்றைக்கே பாருங்கள். எங்கள் பட்டா தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இறந்து பத்தொன்பது வருடம். வாரிசுச் சான்று, அத்தைமார் இரண்டு பேரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், அதை வைத்துப் பட்டா மாற்றம் என்று அப்ரூவலுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே ஏழு மாதம் ஓடிவிட்டது. அத்தைகளுக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை. ஆனால் ஒருவர் ஓசூரில் இருந்தார், அவர் வந்து கையெழுத்துப் போட நாள் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியதை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தீர்த்துவிடுங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து உங்கள் பங்கைத் தனிப்பட்டா ஆக்கிக்கொள்வது நல்லது.

குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய மனையில் இருக்கிறவர்கள், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்த வாரியத்துக்கு 2021-லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். தவணை முழுதும் கட்டி விற்பனைப் பத்திரம் வாங்கியாயிற்றா என்று பாருங்கள். கோயில் மனையில் வீடு மட்டும் சொந்தம் என்றால், மனை கோயிலுடையது, அறநிலையத்துறையின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நகராது. புறம்போக்குக்கு வழியே இல்லை, யார் வந்து "வாங்கித் தருகிறேன்" என்றாலும் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த மனையில் வீடு கட்டலாமா?

இதைக் கேட்காமல் மனை வாங்கியவர்களின் கண்ணீரை நிறையப் பார்த்திருக்கிறேன். வடசென்னையில் தொழிற்சாலை, கால்வாய், ரயில், கடல் நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் நாலையும் பார்க்க வேண்டும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், சி.எம்.டி.ஏ., 2008-ல் இரண்டாவது மாஸ்டர் பிளானை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பயன்பாடு குறிக்கப்பட்டிருக்கிறது. சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் பார்த்துவிடலாம். மணலி, எண்ணூர் பக்கம் தெருவில் வரிசையாக வீடு இருந்தாலும் காகிதத்தில் தொழில் பகுதியாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் சி.எம்.டி.ஏ.விடம் பயன்பாட்டு மாற்றம் வாங்கிய பிறகே வீடு. அது மாதக் கணக்கில் போகும் வேலை. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று தனியாகக் குறித்த இடங்களும் இருக்கின்றன, அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமை.

கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வரும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்கள் இதைப் பார்க்காமல் விடக் கூடாது, எண்ணூர் முகத்துவாரம் மாதிரி அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரைக்கும் இது உண்டு. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓரத்து மனைகளுக்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். ரயில் பாதையை ஒட்டி இருந்தால் ரயில்வேயிடம், மெட்ரோ பாதையை ஒட்டி இருந்தால் மெட்ரோ நிறுவனத்திடம் சான்று. கொருக்குப்பேட்டையில் எங்கள் தெரு தண்டவாளத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்ததால் தப்பித்தோம், இரண்டு தெரு தாண்டி இருக்கிறவர்களுக்கு அது ஒரு தனி அலைச்சல்.

அப்புறம் லேஅவுட். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் வாங்கியிருந்தால், 2016 அக்டோபர் 20-க்குள் பதிவான மனைகளை 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் வரன்முறைப்படுத்தியிருக்க வேண்டும். அந்த ஆணை இல்லாமல் கட்டட அனுமதி கிடையாது. விற்றவர் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒரு தாளைக் காட்டினால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

எந்த வழி உங்களுக்கு?

இதெல்லாம் சரியாக இருந்தால் இனி மேல் வேலை சுலபம். மூன்று வழி இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது சுயசான்று வழி. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், அவ்வளவுதான் என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டி, உடனே அனுமதியைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். யாரும் முன்கூட்டி வந்து பார்க்க மாட்டார்கள். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது, சதுர அடிக் கணக்கில் ஒரே தொகையாக இணையதளமே கணக்குப் போட்டுக் காட்டும். நம் பக்கம் கால் கிரவுண்டு, அரை கிரவுண்டு மனைதான் அதிகம், அரை கிரவுண்டு என்றாலே 1200 சதுர அடிதான், அதனால் முக்கால்வாசிப் பேர் இதற்குள் வந்துவிடுவார்கள்.

அதற்கு மேல் போனால், 10,000 சதுர அடி, எட்டு வீடு வரைக்கும் மாநகராட்சியே வழக்கமான முறையில் பரிசீலித்துக் கொடுக்கும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஆனால் இன்ஜினியர் வந்து இடத்தைப் பார்ப்பார், குறை இருந்தால் கேள்வி வரும். அதையும் தாண்டினால் எழும்பூரில் இருக்கும் சி.எம்.டி.ஏ. அது அடுக்குமாடி கட்டுகிறவர்கள் விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

சுயசான்று பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உடனே கிடைக்கிறது என்பதால் யாரும் சரிபார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்கள், அந்த உறுதிமொழியை வைத்துத்தான் அனுமதி வருகிறது. மனை புறம்போக்கிலோ கடலோர மண்டலத்திலோ இருந்து, அதை மறைத்து வாங்கினால், கட்டிக்கொண்டிருக்கும்போது ரத்தாகும். பாதிக் கட்டடத்தில் நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான், பிளான் போட்டுக் கொடுத்த இன்ஜினியர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அதனால்தான் மேலே அவ்வளவு நேரம் மனையைப் பற்றிப் பேசினேன்.

பிளான் போடும்போது

பிளான் போடுகிறவர் பதிவு பெற்ற இன்ஜினியராகவோ ஆர்க்கிடெக்டாகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். கையெழுத்து ஒருவருடையது, வரைந்தது வேறொருவர், கட்டும் இடத்துக்கு வருவது யாருமே இல்லை என்பது நம் ஊரில் சாதாரணம். பீஸ் பேசும்போதே கடக்காலுக்கு மார்க் போடும் நாள், சென்ட்ரிங் பிரிக்கும் நாள் இரண்டுக்கும் நேரில் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விதி எல்லாம் 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. முழுதும் படிக்க வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று தளப்பரப்புக் குறியீடு, எஃப்.எஸ்.ஐ. பொதுவாக 2. அதாவது 900 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 1800 சதுர அடி. இன்னொன்று செட்பேக், சுற்றிலும் விட வேண்டிய இடம். தெரு 9 மீட்டருக்குக் குறைவான அகலம் என்றால் முன்னால் 1.5 மீட்டர் விட வேண்டும். பக்கத்தில் எவ்வளவு என்பது மனை அகலத்தையும் கட்டட உயரத்தையும் பொறுத்தது. ஜார்ஜ் டவுன் மாதிரிப் பழைய இடங்களில் தொடர் கட்டடப் பகுதி என்று குறித்திருப்பார்கள், அங்கே வீட்டுக்கு வீடு ஒட்டியே கட்டலாம், பக்கவாட்டில் விட வேண்டியதில்லை. உங்கள் தெரு அப்படிக் குறிக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் எல்லோரும் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள் என்பதால் அது தொடர் கட்டடப் பகுதி ஆகிவிடாது.

சின்ன மனைக்கு எஃப்.எஸ்.ஐ. பிரச்சினையே இல்லை, செட்பேக்தான் இடத்தைத் தின்னும். 20 அடி அகல மனையில் ஒரு பக்கம் 1 மீட்டர் விட்டால் மிச்சம் 16 அடி 9 அங்குலம், அதில் இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவர் போனால் உள்ளே 15 அடி 3 அங்குலம். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து போட்ட பிறகு ஹால், படுக்கையறை பற்றிப் பேசுங்கள். இல்லாவிட்டால் அம்மா ஒரு வீட்டை நினைத்துக்கொண்டிருப்பார், பிளானில் வேறு வீடு வரும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய தப்பாகிறது. பிளான் மீட்டரில் இருக்கும், மேஸ்திரி அடியில் அளப்பார். ஒரு மீட்டர் மூன்று அடி என்று தோராயமாகப் போட்டால் 1.5 மீட்டர் நாலரை அடி ஆகிவிடும். உண்மையில் அது 4 அடி 11 அங்குலம். ஐந்து அங்குலம் முன்னால் வந்துவிட்டது என்றால் முன்சுவர் முழுக்க அப்ரூவலுக்கு வெளியே. எங்கள் வீட்டுக்கு இன்ஜினியரிடம் சொல்லி எல்லா அளவையும் அடி அங்குலத்தில் மாற்றி ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சிமென்ட் மூட்டை அடுக்கிய ஷெட்டில் தொங்கவிட்டோம். மேஸ்திரி அண்ணன் தினமும் அதைப் பார்த்துத்தான் நூல் கட்டினார்.

தரைமட்டத்தைப் பிளானிலேயே முடிவு செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர், கொடுங்கையூர் பட்ட பாடு நமக்குத் தெரியும், 2015-ம் மறக்கவில்லை. தெரு மட்டத்திலிருந்து மூன்று அடி உயரத்துக்கு பேஸ்மென்ட், அதாவது வீடு உட்காரும் மேடை, என்று நிறையப் பேர் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் சுயசான்று தொடங்கியபோது கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு வைத்தார்கள். பேஸ்மென்ட் மூன்று அடி, தளம் பத்தடி வீதம் இரண்டு என்றால் 23 அடி, அதுவே 7 மீட்டரைத் தொட்டுத் தாண்டுகிறது. விண்ணப்பிக்கும் அன்றைக்கு உள்ள வரம்பை இணையதளத்தில் பார்த்துவிட்டு, மாடித் தளத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பேஸ்மென்ட்டைக் குறைக்காதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். பிளானில் குழியைக் காட்டிவிட்டுக் கட்டும்போது விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து கட்டுங்கள், நம் பக்கம் நிலத்தடி நீர் இருக்கும் நிலையில் அது நமக்கேதான் உதவும். வாசல் படியும் வண்டி ஏறும் சாய்தளமும் உங்கள் எல்லைக்குள் இருக்கட்டும். தெருக் கால்வாய் மேல் போட்டால் மழைநீர் வடிகால் வேலை வரும்போது முதலில் உடைபடுவது அதுதான்.

பழைய வீட்டை இடிப்பது

இடிப்பதற்கும் மாநகராட்சி அனுமதி வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் பொதுச் சுவர் இருக்கும். அவர்கள் வீட்டு மரவிட்டம் உங்கள் சுவரில் உட்கார்ந்திருக்கும், நீங்கள் உங்கள் வீடு என்று நினைத்து இடித்தால் அங்கே கூரை இறங்கும். இடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர் இருக்கும்போதே சுவரைப் போட்டோ எடுங்கள், ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் சேர்த்து. பொதுச் சுவரை விட்டுவைத்து உங்கள் எல்லைக்குள் தனியாகத் தூண் எழுப்புவதுதான் நல்லது. இதை இருவரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இடித்த கற்களை வண்டிக்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள். இரவோடு இரவாகக் கால்வாய் ஓரம் கொட்டுகிறார்கள், அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் நம் வீட்டுக்குள்தான் வருகிறது. கொடுங்கையூரிலேயே கட்டடக் கழிவை அரைக்கும் மாநகராட்சியின் ஆலை இருக்கிறது.

விண்ணப்பிக்கும் நாள்

ஸ்கேன் செய்யும்போது பத்திரத்தின் எல்லாப் பக்கமும் வர வேண்டும், பின்பக்கத்தில் உள்ள முத்திரையும் சேர்த்து. செல்போனில் எடுத்த மங்கலான படம்தான் பாதி விண்ணப்பங்கள் திரும்ப வரக் காரணம். பெயர் எழுத்து ஆதார், பத்திரம், பட்டா மூன்றிலும் ஒத்துப்போகிறதா பாருங்கள், தலைப்பெழுத்து மாறியிருந்தாலும் கேட்பார்கள். கணக்கை உங்கள் செல்போன் எண்ணிலேயே திறங்கள். இன்ஜினியர் எண்ணில் திறந்தால் ஓ.டி.பி.யும் குறுஞ்செய்தியும் அவருக்குத்தான் போகும், என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

மச்சான் விஷயத்தில் இதுதான் நடந்தது. 2025-ல் ஓர் இடைத்தரகர் "மொத்தமாக நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு, பத்து நாளில் முத்திரை குத்திய ஒரு பிளானைக் கொடுத்துவிட்டுப் போனார். மச்சான் சந்தோஷமாக ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். தாளில் இருந்த கியூஆர் கோடை என் போனில் ஸ்கேன் செய்து பார்த்தேன். வேறொருவர் பெயர், வேறொரு ஊர். அக்கா ஒன்றும் பேசவில்லை, ஸ்வீட் பாக்ஸை எடுத்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். பணம் திரும்பவில்லை. மறுபடி நாங்களே உட்கார்ந்து மச்சான் எண்ணில் கணக்குத் திறந்து, மாலை ஏழு மணிக்குத் தொடங்கி, இரண்டு இடத்தில் ஸ்கேன் சரியில்லை என்று மாற்றி ஏற்றி, பணம் கட்டி, இரவு சாப்பாட்டுக்கு முன் அசல் அனுமதியைப் பதிவிறக்கினோம். அதனால் கையில் எந்த அனுமதி வந்தாலும் முதல் வேலை கியூஆர் கோடை நீங்களே ஸ்கேன் செய்வது.

வழக்கமான முறையில் போகிறவர்களுக்குக் கட்டணம் பல தலைப்பில் வரும், அதில் கட்டுமானத் தொழிலாளர் நல நிதி மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். எல்லாம் ஆன்லைனில், ரசீதோடு. ரசீது இல்லாமல் யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. ஆவணம் சரியாக இருக்கிறவரிடம் கேட்பது கஷ்டம், ஓட்டை இருக்கிறவரிடம்தான் பேரம் தொடங்குகிறது, நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான். விண்ணப்பம் நகராவிட்டால் மண்டல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று நம் பக்கம் பல மண்டலம் உண்டு, எது உங்களுடையது என்று சொத்து வரி ரசீதில் இருக்கும். விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். 1913-லும் புகார் பதியலாம்.

கட்டும்போதும் கட்டிய பிறகும்

அனுமதித் தாள், பிளான் இரண்டின் நகலும் கட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அனுமதி எண் போட்ட பலகையும் வைத்துவிடுங்கள். மணலையும் ஜல்லியையும் தெருவில் கொட்டி நாள் கணக்கில் விடாதீர்கள், நம் தெருக்களில் ஆம்புலன்ஸ் நுழைவதே கஷ்டம். போர் போட வேண்டுமென்றால் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் தனி அனுமதி. வேலைக்கான மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், வீட்டு இணைப்பிலிருந்து இழுத்தால் அபராதம் வரும்.

கட்டும்போது ஆசை வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், மேலே ஒரு ரூம் போட்டுடலாமே" என்று மாமா சொல்வார், மேஸ்திரியும் தலையாட்டுவார். அப்ரூவலில் இல்லாத தளத்தைக் கட்டினால் நோட்டீஸ் வரும், பூட்டி சீல் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிட உடனே வலிப்பது வங்கிக் கடன், அடுத்த தவணைக்கு முன் வந்து பார்க்கிறவர் பிளானில் இல்லாததைக் கண்டால் தொகையை நிறுத்திவிடுவார். மாற்றம் வேண்டுமென்றால் திருத்திய பிளானுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

சுயசான்றில் கட்டிய வீட்டுக்குக் கட்டட நிறைவுச் சான்று தேவையில்லை. மின் இணைப்புக்குப் போகும்போது அதைக் கேட்டால் அனுமதித் தாளையே காட்டுங்கள். குடிநீர், பாதாளச் சாக்கடை இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் தெருவில் சாக்கடைக் குழாய் வந்துவிட்டதா என்று முதலில் விசாரியுங்கள், மாநகராட்சியோடு பின்னால் சேர்க்கப்பட்ட பகுதிகளில் சில இடத்தில் இன்னும் வரவில்லை, அங்கே செப்டிக் டேங்க்தான், அதுவும் பிளானில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொத்து வரி. பழைய வீட்டின் வரி எண்ணிலேயே புதிய பரப்பளவைக் காட்டி மறுமதிப்பீடு கேளுங்கள், புதிதாக இன்னொரு எண் வாங்கிவிட்டால் இரண்டிலும் பாக்கி ஏறிக்கொண்டே போகும். எங்கள் தெருவில் ஒருவர் அந்தச் சிக்கலைத் தீர்க்க இன்னும் மண்டல அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்.